நல்ல தமிழில் இருமல்

“பூனையின் வயது என்ன?” என்று கேட்டிருந்தார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். கணினித் திரையில் அதே கேள்விதான் நின்றது. ஆய்வு மையத்திலிருந்து வந்த செய்தி. தாங்கள் அனுப்பிய பதிவு ஒன்றில் நோயாளியின் தொண்டையில் பூனை இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், அது வளர்ப்புப் பூனையா, நோயாளியோடு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

“அக்கா!” என்று கத்தினார் டாக்டர்.

டோக்கன் அக்கா அவசரப்படாமல் உள்ளே வந்தார். அந்த கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது, ஆளைக் கூப்பிடுவது, ஊசிக்கு அழுகிற குழந்தைகளை ஒரு முறைப்பில் அடக்குவது, கணினியில் தட்டுவது எல்லாம் அவர்தான். டாக்டரைவிட மூத்தவர் என்பதால் டாக்டரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார். திட்டும்போதும் அக்காதான்.

“தொண்டையில பூனைன்னு போட்டீங்களா?”

“ஆமா டாக்டர். அந்த லாரிக்காரர்தான். ‘தொண்டைக்குள்ள பூனை உக்காந்து கத்துற மாதிரி இருக்கு’ன்னார். நோயாளி சொல்றதை அப்படியே போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“‘மாதிரி’ன்னு சொன்னார்ல? அந்த மாதிரி எங்க போச்சு?”

“கட்டத்துல இடம் பத்தலை.”

டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பூனைக்குக் கீழே இன்னொரு கேள்வியும் இருந்தது. ‘ஒரே இருமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு முறை மட்டும் இருமிய நோயாளியை இந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ள இயலாது. அதற்கும் கீழே, கொஞ்சம் தடித்த எழுத்தில், பேச்சுத் தமிழில் வரும் பதிவுகளை எங்கள் கணினியால் புரிந்துகொள்ள முடிவதில்லை, இது தொடர்ந்தால் தங்கள் கிளினிக்கை வலையிலிருந்து விலக்க நேரிடும் என்று இருந்தது.

டாக்டர் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

வலை என்றால் கணினி வலை. ஊரில் அங்கங்கே இருக்கிற சின்னச் சின்ன கிளினிக்குகளை எல்லாம் ஒரே கம்பியில் கோத்ததுபோல இணைத்திருந்தார்கள். இருமல் என்று யார் வந்தாலும் பெயரைப் போடாமல் ஒரு எண், வயது, என்ன தொந்தரவு என்று பத்துக் கட்டங்களை நிரப்ப வேண்டும். கடை மூடும்போது ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். “பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்ற பெரிய வியாதியைப் பத்தி ஆராய்ச்சி பண்ண ஆயிரம் பேர் இருக்காங்க டாக்டர். தெருமுனை கிளினிக்குக்கு வர்ற இருமலைப் பத்தி யாருக்குத் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்” என்று மையத்தின் பேராசிரியை முதல் கூட்டத்தில் பேசியபோது டாக்டருக்குப் புல்லரித்துவிட்டது. கூட்டம் முடியுமுன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புல்லரித்ததற்குக் காரணம் அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன். இதய நிபுணர். லிஃப்டில் ஏறினால் எந்த மாடி என்று கேட்கிற அளவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் பெயர் போட்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கும். வந்த மறு நிமிடம் அவை குடும்பத்தில் எல்லோருடைய போனுக்கும் வந்துவிடும். யாரும் படிக்க மாட்டார்கள். எல்லோரும் கைதட்டுகிற படத்தை மட்டும் அனுப்பிவைப்பார்கள்.

டாக்டருக்கு ‘இருமல் டாக்டர்’ என்று பெயர் வைத்ததும் அந்த மச்சான்தான்.

“என்ன மாப்ளே, இருமல் எல்லாம் எப்படிப் போகுது?” என்பார் பார்க்கும்போதெல்லாம்.

“பரவால்ல மச்சான்” என்பார் டாக்டர். வேறு என்னதான் சொல்வது?

ஒரே ஒரு தடவை தன் பெயர் அச்சில் வர வேண்டும். கடைசிப் பெயராக, அடைப்புக்குறிக்குள், எறும்பு சைஸ் எழுத்தில் வந்தாலும் சரி. அதை மச்சானுடைய போனுக்கு அனுப்பிவிட்டு, அவர் கைதட்டுகிற படம் அனுப்புகிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த ஆசையை டாக்டர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஒரு பூனை அதைக் கெடுக்கப் பார்த்தது.

“அக்கா, இங்க பாருங்க. இனிமே பேச்சுத் தமிழ் ஒரு சொட்டுகூட வரக் கூடாது. யார் எப்படிச் சொன்னாலும் நீங்க அதை நல்ல தமிழ்ல மாத்திப் போடணும். பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரி.”

டோக்கன் அக்காவின் முகம் மலர்ந்தது.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்? பள்ளிக்கூடத்துல தமிழ்ல நான்தான் முதல். கட்டுரைப் போட்டியில சோப்பு டப்பா வாங்கியிருக்கேன்.”

“ரொம்ப நல்லது.”

“அப்புறம், இந்தப் பத்தாவது கட்டத்துக்கு மேல ‘நிலை’ன்னு மட்டும் போட்டிருக்கே, அதுல என்ன போடறது? இத்தனை நாள் கோடு போட்டு விட்டுட்டேன்.”

டாக்டருக்கும் அது தெரியாது. ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று விளக்கி மையத்தில் ஒரு கையேடு அனுப்பியிருந்தார்கள். தலையணைப் பருமன் இருந்ததால் அதைத் திரைக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். அதை உருவினால் திரை சாயும்.

“நிலைன்னா நோயாளியோட நிலைதான், வேறென்ன? எப்படி இருக்குன்னு கேளுங்க, சொல்றதைப் போடுங்க. நல்ல தமிழ்ல!”

அடுத்த நாள் ஒரு எட்டு எட்டிப்பார்த்தார். ‘தொண்டை கட்டியிருக்கு’ என்று யாரோ சொன்னது ‘தொண்டை கட்டி முடிக்கப்பட்டுள்ளது’ என்று ஆகியிருந்தது. ‘மூச்சு வாங்குது’ என்பது ‘மூச்சு வாங்கப்படுகிறது’ என்று கம்பீரமாக நின்றது. ஒரு பாட்டிக்குக் கால் மரத்துப்போனதற்கு ‘கால் மரமாகிவிட்டது’ என்று இருந்தது. டாக்டர் அதை மட்டும் திருத்தச் சொன்னார். மற்றதில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை, பூனையும் இல்லை. மேற்கொண்டு பார்ப்பதற்குள் வெளியே ஒரு குழந்தை வீறிட்டது, எழுந்து போய்விட்டார்.

சில வாரங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு ஒரு நாள் பேராசிரியையே போனில் வந்தார்.

“டாக்டர், உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா? உக்காந்திருக்கீங்களா?”

உட்கார்ந்திருந்த டாக்டர் எழுந்து நின்றார். “சொல்லுங்க மேடம். பூனையா?”

“பூனை இல்லை. அதிசயம்! மத்த கிளினிக்ல எல்லாம் வீட்ல ஒருத்தர் இருமினா ரெண்டே நாள்ல குடும்பமே இருமுது. உங்க கிளினிக்ல மட்டும் வந்த ஆளோட நின்னுடுது. வீட்ல வேற யாருக்கும் ஒட்டறதே இல்லை! நாங்க திரும்பத் திரும்பச் சரிபார்த்துட்டோம். கம்ப்யூட்டர் பொய் சொல்லலை. நீங்க என்ன பண்றீங்க?”

நான் ஒன்றும் பண்ணவில்லையே என்று சொல்வதற்கு டாக்டர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மச்சானுடைய முகம் கண்முன் வந்து தொலைத்தது.

“அது வந்து மேடம்... நம்ம கிளினிக்ல சின்னதா ஒரு முறை வச்சிருக்கேன்.”

“அப்படியா! என்ன முறை?”

டாக்டரின் கண் சுவரெங்கும் அலைந்தது. முள் அசையாத எடை இயந்திரம். கடைசி வரி அழிந்துபோன கண் பரிசோதனை அட்டை. பக்கத்துக் கடை விளம்பரம் போட்ட நாள்காட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை: ‘அமைதி காக்கவும்.’

“அமைதி” என்றார் டாக்டர்.

“என்னது?”

“அமைதி மேடம். இருமலோட வர்றவங்களை வீட்ல வாயத் திறக்காம இருக்கச் சொல்வேன். இருமல் நிக்கிறவரைக்கும் பேசவே கூடாது.”

மாட்டிக்கொண்டோம் என்று டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா!” என்றார் பேராசிரியை. “பேசும்போதுதானே எச்சில் தெறிக்குது! எவ்வளவு எளிமை! மருந்து வேணாம், மாத்திரை வேணாம். இது ஏன் எங்க யாருக்குமே தோணலை? இதுக்கு மௌன முறைன்னு பேர் வைக்கலாமா டாக்டர்?”

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. வைக்கலாம் என்றார். பெரிய மனசு பண்ணித்தான் சொன்னார்.

போனை வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. நாளைக்கே யாராவது வந்து ஒரு நோயாளியை விசாரித்தால்? சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய் இல்லைதானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அன்று முதலே எல்லோருக்கும் மௌனம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்.

பக்கத்துக் கடை டெய்லர் முதலில் மாட்டினார்.

“பேசாம எப்படி டாக்டர் அளவெடுக்கிறது?”

“அளவெடுக்கிறது கையால. வாயால இல்லை.”

பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் மௌனம் என்றதும் அழுதே விட்டார். பேச்சை நிறுத்தினால் வகுப்பில் நாற்பது வாய் திறக்கும் என்றார். பஸ் கண்டக்டர், ஸ்டாப்பிங் பெயரைச் சொல்லாமல் விசில் மட்டும் ஊதிப் பார்த்து, பாதிப் பேரை வேறு எங்கோ இறக்கிவிட்டதாகச் சைகையில் புகார் சொன்னார். ஒரு மாமி மட்டும் தன் கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

“இவருக்கு மௌனம் எழுதிக் குடுங்க டாக்டர்.”

“இவருக்கு இருமல் இருக்கா?”

“இல்லை. வந்தா வரட்டுமே, முன்கூட்டியே குடுங்க.”

கிளினிக் நூலகம் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வருகிறவர்கள் கையைக் காட்டினார்கள், தொண்டையைத் தொட்டார்கள், கண்ணை உருட்டினார்கள். டாக்டருக்கு நோயைக் கண்டுபிடிப்பதைவிட அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. முதுகு வலி என்று நினைத்து ஒருவருக்குத் தைலம் எழுதிக் கொடுத்தார். அவர் மின்விசிறியைப் போடச் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி பேராசிரியையின் போன்.

“டாக்டர், என்ன ஆச்சு? பத்தாவது கட்டம் காலியா வருதே! மௌன முறையை விட்டுட்டீங்களா?”

“ஐயோ, இல்லை மேடம். இப்பதான் தீவிரமா நடக்குது.”

“அப்ப ஏன் காலியா இருக்கு? உங்க அதிசயமே அந்தக் கட்டத்துலதான் இருக்கு. நான் நேர்ல வந்து பார்க்கட்டுமா?”

“வேணாம், வேணாம்! நாளைக்கே சரியாகிடும்.”

டோக்கன் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா அலட்டிக்கொள்ளவில்லை.

“நான் என்ன டாக்டர் பண்றது? எப்படி இருக்குன்னு கேட்டா எல்லாரும் கையை இப்படி ஆட்டறாங்க. கையை ஆட்டறதை எப்படி நல்ல தமிழ்ல எழுதறது? அதுக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் இல்லையே.”

நியாயம்தான். டாக்டர் யோசித்து ஒரு விதிவிலக்குக் கொண்டுவந்தார். டோக்கன் அக்கா கேட்டால் மட்டும் ஒரே ஒரு வார்த்தை பேசலாம். அதற்குமேல் ஓர் எழுத்துக்கூடக் கூடாது. நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஜனங்கள் அந்த ஒரு வார்த்தையை ஆசை தீர, இழுத்து, ராகம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். பத்தாவது கட்டம் நிரம்பத் தொடங்கியது.

பேராசிரியைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“டாக்டர், பார்த்தீங்களா? நடுவுல தடைபட்டதும் காலி. திரும்ப ஆரம்பிச்சதும் முன்னைவிட அதிகம்! இதைவிட என்ன ஆதாரம் வேணும்? வர்ற வெள்ளிக்கிழமை வலையில இருக்கிற எல்லா கிளினிக்கையும் சேர்த்து ஒரு கூட்டம் வச்சிருக்கேன். எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இருந்தே பார்ப்பாங்க. நான் மட்டும் உங்க கிளினிக்குக்கு வரேன். அடுத்த வாரத்துல இருந்து பாதி கிளினிக்ல மௌன முறை மட்டும்தான். கையைக் கழுவுங்க, முகத்தை மூடுங்க, குழந்தைங்க பக்கத்துல போகாதீங்கன்னு சொல்றதை எல்லாம் நிறுத்திடறோம். அப்பதானே மௌனத்தோட பலம் தனியாத் தெரியும்?”

“நிறுத்திடறீங்களா?”

“ஆமா. அப்புறம் இன்னொண்ணு, கட்டுரையில உங்க பேர்தான் முதல்ல வரும்.”

டாக்டருக்கு இரண்டாவது விஷயம்தான் காதில் விழுந்தது. முதல் விஷயம் மனசில் எங்கோ ஒரு மூலையில் போய் முள் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மனைவி அண்ணனிடம் சொன்னார். அண்ணன், “நம்ம மாப்ளேயா? முதல் பேரா? நானும் வரேன்” என்று கிளம்பி வருவதாகச் சொல்லிவிட்டார். டாக்டர் புதுச் சட்டை எடுத்தார். அதை அளவு குறைக்கக் கொடுத்த இடத்தில் டெய்லர் பேசாமலே அளவெடுத்து, பேசாமலே தப்பாகக் குறைத்துவிட்டார்.

போதாக்குறைக்கு டாக்டருக்கே இருமல் வந்துவிட்டது.

“வாயத் திறக்காதீங்க” என்றார் மனைவி. “உங்க முறையை நீங்களே கடைப்பிடிக்கலைன்னா ஊர் சிரிக்கும்.”

டாக்டர் மௌனமானார். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்ததில்லை. குறுக்கே யாரும் பேசாததால், தன் அக்கா பெண்ணின் கல்யாணத்தில் டாக்டர் தூங்கிப்போனதிலிருந்து ஆரம்பித்து, போன மாதம் விளக்கை அணைக்காமல் வந்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, பேச்சின் நடுவே மனைவிக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது. செருமினார். பிறகு இருமினார். பிறகு இருமிக்கொண்டே இருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இப்ப நீங்க பேசலாம்” என்றார் மனைவி. “உண்மையைச் சொல்லுங்க. இந்த மௌனத்தால நிஜமாவே இருமல் ஒட்டாதா?”

“தெரியலை” என்றார் டாக்டர். இத்தனை நாளைக்குப் பிறகு அவர் வீட்டில் பேசிய முதல் வார்த்தை அதுதான். “அன்னைக்குச் சுவத்துல அந்தப் பலகை இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.”

மனைவி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

“ஏங்க, டெய்லர் வீட்ல கைக்குழந்தை இருக்கே. அவர் உங்க பேச்சை நம்பி, வாயை மூடிட்டாப் போதும்னு குழந்தையைத் தோள்லயே போட்டுட்டுத் திரியறார். நேத்துகூடப் பார்த்தேன்.”

டாக்டர் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு டெய்லர் கடைக்கு ஓடினார்.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நெஞ்சில் குழலை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். மூச்சு சுத்தமாக இருந்தது. குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. டாக்டர் அளவு எடுக்கிற பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து எத்தனை வீட்டில் எத்தனை அப்பாக்கள் இப்படி வாயை மட்டும் மூடிக்கொண்டு குழந்தையைத் தூக்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

“டெய்லரே, இருமல் நிக்கிற வரைக்கும் குழந்தையைத் தூக்காதீங்க. முகத்தை மூடிக்கோங்க, கையைக் கழுவுங்க. அப்புறம், தாராளமாப் பேசுங்க.”

“பேசலாமா?” என்றார் டெய்லர். “அப்ப அந்தச் சட்டையைக் கொண்டாங்க டாக்டர். தோள் பக்கம் எவ்வளவு விடணும்னு கேக்கணும்னு அன்னைக்கே நினைச்சேன்.”

திரும்பி வந்து மனைவியிடம், “நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிடப்போறேன்” என்றார். “பேர் போனாப் போகட்டும். உங்கண்ணன் முன்னாடி ஒரு தடவையாவது...” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தினார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “எங்கண்ணனுக்குப் போன மாசம் ஜலதோஷம். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில இருக்கார். எனக்குப் போன் பண்ணி, ‘மாப்ளே இதுக்கு என்ன குடுப்பார்னு நைசா கேட்டுச் சொல்லு, நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே’ன்னார். அதனாலதான் அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்னு பொய் சொல்லி உங்ககிட்ட மாத்திரை வாங்கினேன்.”

வெள்ளிக்கிழமை கிளினிக் நிரம்பி வழிந்தது. பேராசிரியை மடிக்கணினியோடு வந்திருந்தார். மேசைமேல் அதைத் திறந்ததும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக டாக்டர்களின் முகங்கள் தெரிந்தன. சிலர் நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் நோயாளிகள் உட்காருகிற, ஒரு கால் குட்டையான ஸ்டூலில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு கதவோரம் நின்றார். டோக்கன் அக்கா தட்டில் டீயோடு ஆள் ஆளாகச் சுற்றி வந்தார்.

பேராசிரியை நீளமாக அறிமுகம் செய்தார். எளிமை, தொலைநோக்கு, தெருமுனையிலிருந்து ஒரு ஒளி என்றெல்லாம் சொன்னார். திரையில் நெற்றிகள் ஆமோதித்து ஆடின. “இப்ப டாக்டர் பேசுவார்” என்றார்.

டாக்டர் எழுந்தார். தோள் இறுக்கியது. சட்டையா மனசா என்று தெரியவில்லை.

“எல்லாருக்கும் வணக்கம். நான் ஒண்ணும் பண்ணலை” என்றார்.

“தன்னடக்கம்” என்று பேராசிரியை திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“இல்லை மேடம். நிஜமாவே ஒண்ணும் பண்ணலை. மேடம் போன் பண்ணினப்போ அப்படி ஒரு முறையே என்கிட்ட இல்லை. புகழ்ந்ததும் புத்தி கெட்டுப்போய் ஒரு கதை விட்டேன். அப்புறம் அதை மூடி மறைக்க எல்லாரையும் வாயைப் பொத்த வச்சேன். என் இருமல் என் சம்சாரத்துக்கே ஒட்டிக்கிச்சு. நான்தான் பேசாம இருந்தேன், இருமல் பேசாம இல்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீங்க. கையைக் கழுவச் சொல்லுங்க, முகத்தை மூடச் சொல்லுங்க. என் பேர் எங்கயும் வர வேணாம்.”

திரையில் ஒரு முகமும் அசையவில்லை. பேராசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. மச்சான் சிரிக்கப்போகிறார் என்று டாக்டர் காத்திருந்தார். மச்சான் சிரிக்கவில்லை. ஸ்டூல் ஆடாமல் காலை ஊன்றிக்கொண்டு, “இவ்வளவு பேர் முன்னால இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது மாப்ளே” என்றார் மெதுவாக.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுரையில் பெயர் வந்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் பேராசிரியை அதோடு விடவில்லை.

“இருங்க டாக்டர். நீங்க சொன்னது பொய்னே வச்சுக்குவோம். ஆனா நான் போன் பண்றதுக்கு முன்னாடியே உங்க பதிவுல அதிசயம் இருந்ததே, அது எப்படி? வீட்ல மத்தவங்களுக்கு ஒட்டிச்சா இல்லையான்னு தினமும் பத்தாவது கட்டத்துல நீங்கதானே போட்டு அனுப்பினீங்க?”

“பத்தாவது கட்டமா? அது நோயாளியோட நிலை இல்லையா?”

“தொற்றோட நிலை! கையேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கே!”

டாக்டர் திரைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த கையேட்டைப் பார்த்தார். கையேடும் அவரைப் பார்த்தது.

“அந்தக் கட்டத்தை யார் டைப் பண்றது?” என்றார் பேராசிரியை.

எல்லோருடைய கண்ணும், திரையில் இருந்த கண்களும் சேர்த்து, டீத்தட்டோடு நின்ற டோக்கன் அக்காவின் பக்கம் திரும்பின. அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தட்டை மேசையில் வைத்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“நான் ஒரு எழுத்துகூடத் தப்பாப் போடலைங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘எப்படி இருக்கு’ன்னு கேட்டேன், எல்லாரும் ‘பரவால்ல’ன்னாங்க. பேச்சுத் தமிழ் கூடாதுன்னு டாக்டர்தானே சொன்னார்? அதான் நல்ல தமிழ்ல ‘பரவவில்லை’ன்னு போட்டேன்!”